அலைச்சறுக்கு வீரர்களின் உருவப்படங்கள்: ஒரு வரலாறு

அலைச்சறுக்கு ஒளிப்படம் என்றவுடன் நினைவுக்கு வருவது ஒரு பெரிய அலையும் அதன் நடுவே சிறு புள்ளியாகத் தெரியும் ஒரு மனிதரும்தான். அந்தப் புள்ளி யார், அவர் முகம் எப்படி இருக்கும், அலையில் இறங்குவதற்கு முன்பும் கரையேறிய பின்பும் அவர் எப்படி நின்றார் என்பவற்றைச் சொல்வது உருவப்படம். ஏறத்தாழ 130 ஆண்டுகளாக அலைச்சறுக்கு வீரர்களின் உருவப்படங்கள் எடுக்கப்பட்டு வருகின்றன. ஹவாய்க் கரையில் அசையாமல் நின்ற மனிதரில் தொடங்கி, தொழில்முறைப் போட்டிகளின் வீரர் கூடாரம் வரை அது வந்து சேர்ந்திருக்கிறது.

இந்த வரலாற்றில் கேமராவின் வளர்ச்சி ஒரு பாதி. யாருடைய முகம் பதிவாயிற்று, யாருடைய பெயர் படத்தோடு சேர்த்து எழுதப்பட்டது, யாருடைய பெயர் விடுபட்டது என்பது மறுபாதி. முதல் பாதி பரவலாக எழுதப்பட்டிருக்கிறது. இக்கட்டுரை இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறது.

முகம் தெரியாத விளையாட்டு

பெரும்பாலான விளையாட்டுகளில் வீரரின் முகத்தை ஆட்டத்தின் நடுவிலேயே படமெடுக்க முடியும். பந்து வீசும் வேகப்பந்து வீச்சாளரின் முகமும் எல்லைக்கோட்டைத் தொடும் ஓட்டக்காரரின் முகமும் தெளிவாகத் தெரியும். அலைச்சறுக்கில் வீரர் கரையிலிருந்து பல நூறு அடி தொலைவில் இருக்கிறார். உடலைக் குறுக்கி, அலையின் சுவரை நோக்கித் திரும்பி நிற்கிறார். அலை வளைந்து குழாய் போல் மூடும்போது அவர் முற்றிலும் மறைந்துவிடுகிறார். கரையில் 600 மில்லிமீட்டர் லென்சுடன் நிற்கும் கலைஞருக்குக் கிடைப்பது உடலின் வடிவம்தான்.

இதனால் அலைச்சறுக்கு வீரரின் முகத்தைப் பதிவு செய்ய, அலைக்கு வெளியே தனியாக ஒரு படம் எடுக்க வேண்டியிருக்கிறது. அங்கும் ஒரு முரண் உண்டு. முகமும் கடலும் ஒரே படத்தில் வர வேண்டுமானால் வீரர் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். கடலுக்கு ஒருபோதும் முதுகு காட்டாதே என்பது ஹவாய்க் கரைகளில் குழந்தைகளுக்கு முதலில் சொல்லிக் கொடுக்கும் பாடம். உருவப்படத்துக்காக வீரர் தம் வழக்கத்தை ஒரு கணம் விட்டுக்கொடுக்கிறார்.

ஹவாயின் முதல் படங்கள்

அலையேறும் கலை பாலினேசிய மக்களுடையது. ஹவாய் மொழியில் அதற்கு 'ஹெயெ நலு' என்று பெயர். அரசர்களும் குடிமக்களும், ஆண்களும் பெண்களும் அதில் ஈடுபட்டனர். 1778-இல் கேப்டன் ஜேம்ஸ் குக்கின் கப்பல்கள் ஹவாயை அடைந்த பின் வெளியிலிருந்து வந்த நோய்களால் மக்கள்தொகை பெருமளவு சரிந்தது. 1820 முதல் வந்த கிறித்தவ சமயப் பரப்பாளர்களில் பலர் இந்த விளையாட்டை நல்ல கண்ணோடு பார்க்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அலையேறுவோர் குறைந்துபோயிருந்த காலத்தில்தான் கேமரா அவர்களைத் தேடி வந்தது.

1890-ஐ ஒட்டி வைக்கிக்கி கடற்கரையில் எடுக்கப்பட்ட படங்கள் அலைச்சறுக்குப் பலகையுடன் ஒருவரைக் காட்டும் மிகப் பழைய ஒளிப்படங்களில் அடங்கும். அவற்றைவிடப் புகழ்பெற்றது 1898-இல் ஃபிராங்க் டேவி எடுத்த படம். இடுப்பில் 'மாலோ' எனும் மரபு உடையும், கையில் 'அலாயா' எனும் மெல்லிய மரப்பலகையும், பின்னால் டைமண்ட் ஹெட் மலையுமாக ஒருவர் அதில் காணப்படுகிறார். அவர் சார்ல்ஸ் கௌஹா என அடையாளம் காணப்படுகிறார்.

அன்றைய கேமராக்களும் கண்ணாடித் தகடுகளும் கனமானவை. தொலைவில் நகரும் அலையைப் பிடிக்க ஏற்ற நீண்ட லென்சுகள் இல்லை. எனவே அலையேறுபவரைப் படமெடுப்பது என்றால் அவரைக் கரையில் நிறுத்தி எடுப்பதுதான். அலைச்சறுக்கு ஒளிப்படக் கலை உருவப்படமாகவே தொடங்கியது என்று சொல்லலாம். சாகசக் காட்சிகள் பின்னர் வந்தவை.

டேவி படமெடுத்த அதே 1898-இல்தான் அமெரிக்கா ஹவாயைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஹவாய் முடியாட்சி கவிழ்க்கப்பட்டிருந்தது. அந்நாளில் ஹொனலுலு நகரவாசிகள் பெரும்பாலும் மேலைநாட்டு உடைக்கு மாறிவிட்டிருந்தனர். மாலோ, மரப்பலகை, மலை என்னும் சேர்க்கை, வெளியிலிருந்து பார்ப்பவர் எதிர்பார்த்த 'பழைய ஹவாய்' தோற்றத்துக்கு இசைந்தது. இத்தகைய படங்கள் அஞ்சலட்டைகளிலும் பயண நூல்களிலும் பரவியபோது படத்தின் கீழே 'ஹவாய் அலையேறி' என்பது போன்ற பொதுப்பெயரே இருந்தது. உருவம் உலகம் சுற்றியது, பெயர் உடன் செல்லவில்லை. கௌஹாவின் படத்தைப் பார்த்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் அவர் பெயரை அறியாமலே பார்த்தனர்.

டியூக் கஹானமோகு: பெயர் பெற்ற முகம்

இந்நிலையை மாற்றியவர் டியூக் கஹானமோகு. 1890 ஆகஸ்ட் 24 அன்று ஹொனலுலுவில் பிறந்த இவர், 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கிலும் அதே பிரிவில் தங்கம் இவருக்கே. 1914-15 கோடையில் சிட்னியின் ஃப்ரெஷ்வாட்டர் கடற்கரையில் இவர் நடத்திய செய்முறை விளக்கம் ஆஸ்திரேலிய அலைச்சறுக்கு வரலாற்றில் ஒரு திருப்புமுனை.

டியூக்கை இளமையிலேயே படமெடுத்தவர் ஆல்ஃபிரட் கர்ரி ஜூனியர். ஹொனலுலுவில் கலைக்கூடம் நடத்திய கர்ரி தாமும் அலையேறியவர். வைக்கிக்கி அலைகளில் அவர் எடுத்த படங்களைத் தொகுத்து 1914-ஐ ஒட்டி 'தி சர்ஃப் ரைடர்ஸ் ஆஃப் ஹவாய்' என்ற கைவினை நூலாக்கினார். ஒளிப்படங்களாலான முதல் அலைச்சறுக்கு நூல் என இது கருதப்படுகிறது. அதில் டியூக் ஒரு மாதிரி மனிதராக வரவில்லை, டியூக்காகவே வருகிறார். ஒலிம்பிக் புகழ் சேர்ந்தபின், தம் உயரத்தை மிஞ்சிய பலகையைச் செங்குத்தாக நிறுத்தி அதன் அருகே அவர் நிற்கும் படங்கள் உலகெங்கும் பரவின. பலகையோடு நேராக நின்று கேமராவைப் பார்க்கும் அந்த நிலை இன்றும் அலைச்சறுக்கு உருவப்படத்தின் அடிப்படை அமைப்பாக நீடிக்கிறது.

டியூக்கின் உருவத்தை ஒட்டிய ஒரு விவாதம் இக்கலையின் முரணைத் தெளிவாக்குகிறது. அவரது நூற்றாண்டான 1990-இல் வைக்கிக்கியில் அவருக்கு வெண்கலச் சிலை எழுப்பப்பட்டது. கைகளை விரித்து, பின்னால் பலகையுடன், சாலையை நோக்கிக் கடலுக்கு முதுகு காட்டி நிற்கும் சிலை அது. டியூக் ஒருநாளும் கடலுக்கு முதுகு காட்டியிருக்க மாட்டார் என்று உள்ளூர் மக்கள் பலர் குறைபட்டனர். ஆனால் அவர் கடலை நோக்கி நின்றால், படமெடுக்க வருவோருக்கு முகத்துக்குப் பின்னால் சாலையும் விடுதிகளுமே தெரியும். இன்று அன்றாடம் மலர்மாலைகள் சூட்டப்பட்டு, கடல் பின்னணியில் ஓயாமல் படமெடுக்கப்படும் சிலை அது.

நீரில் இறங்கிய கேமரா

விஸ்கான்சினில் பிறந்து ஹவாய் வந்து சேர்ந்த டாம் பிளேக், 1928-இல் கலிபோர்னியாவின் கொரோனா டெல் மார் கடற்கரையில் நடந்த பசிபிக் கரையோர அலைச்சறுக்குப் போட்டியில் வென்றவர். உட்குடைவான பலகையை வடிவமைத்தவரும் பலகையின் அடியில் துடுப்பு பொருத்தியவரும் அவரே. டியூக்கிடமிருந்து ஒரு கிராஃப்ளெக்ஸ் கேமராவை வாங்கி, அதற்கு நீர்புகாப் பெட்டி செய்து, பலகைமீது வைத்துக்கொண்டு அலைகளுக்குள் சென்றார். அதுவரை கரையிலிருந்தோ படகிலிருந்தோ பார்க்கப்பட்ட அலையேறிகளை, உடன் அலையேறும் தோழரின் கண்ணால் பார்த்தவை அவர் படங்கள். 1935 மே மாத 'நேஷனல் ஜியோகிராஃபிக்' இதழில் அவை வெளியாகிப் பரவலான வாசகர்களைச் சென்றடைந்தன.

பிளேக்கின் படங்களை நாளிதழில் கண்டு தூண்டுதல் பெற்றவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த பல் மருத்துவர் ஜான் 'டாக்' பால். 1930-களில் உருவான பாலோஸ் வெர்டெஸ் அலைச்சறுக்குக் கழகத்தில் இவர் முன்னணி உறுப்பினர். தாமே செய்த நீர்புகாப் பெட்டியுடன் நண்பர்களைத் தொடர்ந்து படமெடுத்து, 1946-இல் 'கலிபோர்னியா சர்ஃப்ரைடர்ஸ்' என்ற நூலை வெளியிட்டார். அலையில் சறுக்கும் காட்சிகளோடு, கரையில் நெருப்பு மூட்டிக் குளிர்காய்வது, பலகைகளைக் காரின் மேல் கட்டுவது, சிரிப்பது, சோர்ந்து கிடப்பது என அன்றாடமும் அதில் இடம்பெற்றது. படமெடுத்தவரும் எடுக்கப்பட்டவரும் ஒரே கூட்டத்தினர் என்பதால் படங்களில் பெயர்கள் இயல்பாகவே சேர்ந்தன. வெளியாள் எடுத்த படத்துக்கும் நண்பர் எடுத்த படத்துக்கும் உள்ள வேறுபாட்டை டேவியின் படத்தையும் பாலின் நூலையும் அருகருகே வைத்துப் பார்த்தால் உணரலாம்.

போட்டிகளும் இதழ்களும்

1954 முதல் ஓவாஹு தீவின் மேற்குக் கரையில் மக்காஹா பன்னாட்டு அலைச்சறுக்குப் போட்டி ஆண்டுதோறும் நடந்தது. 1964-இல் சிட்னியின் மேன்லி கடற்கரையில் நடந்த உலகப் போட்டியில் மிட்ஜெட் ஃபாரெல்லியும் ஃபிலிஸ் ஓ'டானலும் ஆண், பெண் பிரிவுகளில் வென்றனர். 1965-இல் டியூக்கின் பெயரால் சன்செட் கடற்கரையில் அழைப்புப் போட்டி தொடங்கியது. பல நாடுகளின் வீரர்கள் ஒரே கரையில் சில நாட்கள் கூடியிருக்கும் வாய்ப்பைப் போட்டிகளே உருவாக்கின. உருவப்படக் கலைஞருக்கு அது பெரும் வசதி. தேடி அலைய வேண்டியவர்கள் எல்லாரும் ஓரிடத்தில் பலகைக்கு மெழுகு தேய்த்தபடி உட்கார்ந்திருந்தனர்.

படங்களுக்கு இடமளிக்க இதழ்களும் வந்தன. ஓவியரும் திரைப்படம் எடுத்தவருமான ஜான் செவர்சன் 1960-இல் 'தி சர்ஃபர்' என்ற வெளியீட்டைத் தொடங்கினார். அது பின்னர் 'சர்ஃபர்' இதழாக வளர்ந்தது. 1964-இல் 'இன்டர்நேஷனல் சர்ஃபிங்' இதழைத் தொடங்கியவர்களில் ஒருவர் லீராய் கிரானிஸ். தொலைபேசி நிறுவன ஊழியரான கிரானிஸ், உடல்நலம் கருதி ஒரு பொழுதுபோக்கைத் தேடிக்கொள்ளுமாறு மருத்துவர் அறிவுறுத்தியதால் 1959-இல், 42-ஆம் வயதில் கேமராவைக் கையிலெடுத்தவர். டாக் பாலின் கழகத் தோழரும்கூட. நீரிலிருந்தபடியே ஃபிலிம் மாற்றிக்கொள்ள உதவும் நீர்புகாப் பெட்டி ஒன்றை அவர் வடிவமைத்தார். 1960-களின் போட்டிக் கரைகளில் வீரர்கள், நடுவர்கள், வேடிக்கை பார்க்க வந்த கூட்டம், நிறுத்தப்பட்ட கார்கள் எல்லாம் அவர் படங்களில் உள்ளன. அக்காலத்தின் முகம் எப்படி இருந்தது என்று அறிய விரும்புவோர் முதலில் புரட்டுவது கிரானிஸின் தொகுப்புகளைத்தான்.

இக்காலத்தின் மிகப் புகழ்பெற்ற உருவப்படம் ஒன்றில் முகமே இல்லை. 1964-இல் ஓவாஹுவின் வடகரையில் பைப்லைன் பகுதியில் செவர்சன் எடுத்த படம் அது. கறுப்பு வெள்ளைக் கோடுகள் போட்ட அரைக்கால் சட்டையுடன், பலகையைப் பிடித்தபடி, எதிரே எழும் மாபெரும் அலைகளைப் பார்த்து நிற்கும் கிரெக் நோல் அதில் இருக்கிறார். நமக்குத் தெரிவது அவர் முதுகு. ஆனால் அந்தக் கோடு போட்ட உடையும் பருத்த தோள்களும் அவரை அறிந்தவர்களுக்குப் பெயர்ப்பலகை போன்றவை. உள்ளே செல்வதா வேண்டாமா என்று கணக்கிடும் மனிதரின் தயக்கமும் துணிவும் ஒரே நிலையில் தெரிகின்றன. கடலுக்கு முதுகு காட்டாமலும் ஒரு உருவப்படம் அமைய முடியும் என்பதற்கு இதுவே சான்று.

தொழில்முறைக் காலம்

1976-இல் ஃபிரெட் ஹெமிங்ஸும் ராண்டி ராரிக்கும் சேர்ந்து 'இன்டர்நேஷனல் புரொஃபஷனல் சர்ஃபர்ஸ்' என்ற அமைப்பை உருவாக்கி, உலகெங்கும் நடந்த பரிசுப் போட்டிகளை ஒரே தரவரிசையின் கீழ் கொண்டுவந்தனர். இதன் தொடர்ச்சியாக 1983-இல் தொழில்முறை அலைச்சறுக்கு வீரர் சங்கம் உருவானது. அதுவே 2015-இல் உலக அலைச்சறுக்குக் கூட்டமைப்பு என்று பெயர் மாறியது.

முதல் தொழில்முறை உலக வாகையர் ஆஸ்திரேலியாவின் பீட்டர் டவுனெண்ட். அந்த ஆண்டு எந்தத் தனிப் போட்டியிலும் முதலிடம் பெறாமல், தொடர்ந்து நல்ல இடங்களைப் பிடித்த புள்ளிகளால் அவர் வாகை சூடினார். அவருக்குக் கொடுக்க அப்போது கோப்பை எதுவும் செய்யப்பட்டிருக்கவில்லை. வைக்கிக்கியின் அவுட்ரிகர் கழகத்தில் இருந்த பழைய கோப்பை ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்துப் படமெடுத்தபின், அதை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டார்கள் என்று டவுனெண்ட் பின்னாளில் கூறியிருக்கிறார். உலக வாகையர் என்ற பட்டத்துக்கு அன்று கண்ணால் காணக்கூடிய சான்றாக எஞ்சியது அந்த உருவப்படம் மட்டுமே.

தொழில்முறைக் காலம் உருவப்படத்தின் உள்ளடக்கத்தையும் மாற்றியது. தொலைவிலிருக்கும் நடுவர்கள் வீரர்களைப் பிரித்தறிய வண்ண ஜெர்சிகள் வந்தன. சிவப்பு, வெள்ளை, நீலம், மஞ்சள் என்று வீரர்கள் நிறங்களாயினர். ஆதரவு நிறுவனங்களின் சின்னங்கள் பலகையின் மூக்குப் பகுதியில் ஒட்டப்பட்டன. இதழில் வெளியாகும் படத்தில் சின்னம் தெளிவாகத் தெரிந்தால் வீரருக்குக் கூடுதல் பணம் தரும் ஒப்பந்தங்களும் இருந்தன. கரையேறிய வீரர் முகத்தைத் துடைப்பதற்கு முன் நிறுவனத்தின் தொப்பியைத் தலையில் வைப்பதும், பலகையைச் சின்னம் தெரியும்படி திருப்பிப் பிடிப்பதும் இந்தப் பொருளியலின் விளைவுகள். 1910-களில் டியூக் பலகையோடு நின்ற அதே நிலைதான். ஆனால் இப்போது பலகை ஒரு விளம்பரப் பலகையாகவும் ஆகியிருந்தது.

இதற்கு மாற்றாக மறைவிடத் தருணங்களைத் தேடியவர்களும் இருந்தனர். ஆர்ட் புரூவர் 'சர்ஃபர்' இதழுக்காகப் பல பத்தாண்டுகள் வீரர்களின் ஆழமான உருவப்படங்களை எடுத்தார். ஸ்டீவ் ஷெர்மன் போட்டித் தொடருடன் பயணித்து, வீரர்கள் தங்கும் வீடுகளிலும் கூடாரங்களிலும் அவர்களின் இயல்பான நிலைகளைக் கறுப்பு வெள்ளையில் பதிவு செய்து பெயர் பெற்றார். கெல்லி ஸ்லேட்டருக்கும் ஆண்டி ஐயன்ஸுக்கும் இடையே 2003-இல் பைப்லைன் போட்டியில் உச்சமடைந்த உலகப் பட்டப் போட்டியின் பின்னணியை இத்தகைய படங்கள் வழியாகவே ரசிகர்கள் அறிந்தனர். அந்த ஆண்டு பட்டம் வென்ற ஐயன்ஸ் 2010-இல் 32 வயதில் இறந்தார். அவரது அலைச்சறுக்கைக் காட்டும் காட்சிகள் ஏராளம். அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று நினைவுகூர விரும்புவோர் திரும்புவது கரையில் எடுக்கப்பட்ட முகப்படங்களுக்குத்தான்.

போட்டிக் கரையில் படமெடுக்கும் முறை

தொழில்முறை அலைச்சறுக்குப் போட்டிக்குக் குறித்த நாள் கிடையாது. பத்து நாட்கள் அல்லது அதற்கு மேற்பட்ட காத்திருப்புக் காலம் அறிவிக்கப்படும். ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் அலைகளைப் பார்த்து, இன்று போட்டி உண்டா இல்லையா என்று முடிவெடுப்பார்கள். இந்த நிச்சயமின்மை உருவப்படக் கலைஞருக்கு நன்மையே. போட்டி நடக்கும் நாளில் வீரர் எவருக்கும் நேரமிராது. ஓய்வு நாளில் பதினைந்து நிமிடம் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும்.

'ஹீட்' எனப்படும் ஒவ்வொரு சுற்றும் ஏறத்தாழ 30 நிமிடம் நடக்கும். வீரரின் சிறந்த இரண்டு அலைகளின் மதிப்பெண்கள் கூட்டப்படும். ஒரு சுற்றை ஒட்டி உருவப்படத்துக்கு இரண்டு தருணங்கள் உள்ளன. முதலாவது, நீரில் இறங்குவதற்கு முந்தைய சில நிமிடங்கள். வீரர் காதில் இசைக்கருவியுடன் ஒதுங்கி நின்று, அலைகள் எந்த இடைவெளியில் வருகின்றன என்று பார்த்துக்கொண்டிருப்பார். அப்போது அவரைக் கூப்பிடுவதும் நிற்கச் சொல்வதும் தவறு. தொலைவிலிருந்து நீண்ட லென்சில் எடுப்பதே முறை. இரண்டாவது, கரையேறும் நேரம். உப்புநீரால் சிவந்த கண்கள், ஒட்டிய முடி, வெற்றி அல்லது தோல்வியின் தெளிவான சாயல் என எதுவும் மறைக்கப்படாமல் இருக்கும் ஓரிரு நிமிடங்கள் அவை. இறுதிச் சுற்றில் வென்றவரை நண்பர்கள் தோளில் தூக்கி வருவது அலைச்சறுக்கின் வழக்கம். அகலக் கோண லென்சுடன் கலைஞர் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே இருந்தாக வேண்டும்.

வெளிச்சம் கரையின் திசையைப் பொறுத்தது. கலிபோர்னியா போன்ற மேற்குக் கரைகளில் காலைச் சூரியன் நிலப்பக்கத்திலிருந்து வருகிறது. கடலைப் பின்னணியாகக் கொண்டு நிற்கும் வீரரின் முகத்தில் அது நேராக விழும். மாலையில் சூரியன் அவருக்குப் பின்னால் கடல்மேல் இறங்குவதால் முகம் இருண்டுவிடும். அப்போது ஒளிதிருப்பும் பலகையோ சிறு ஃபிளாஷோ தேவை. சிட்னி போன்ற கிழக்குக் கரைகளில் இது நேர்மாறு. நடுப்பகல் வெயில் கண்குழிகளில் கறுப்பு நிழல் தருவதால், வீரர் கூடாரத்தின் வாசலில் கிடைக்கும் மென்மையான நிழலையே பலரும் நாடுகின்றனர். காற்றில் மிதக்கும் உப்புத் துளிகள் லென்சின்மேல் மெல்லிய படலமாகப் படிவது எந்தக் கரையிலும் தீராத தொல்லை.

பெண் வீரர்களின் முகங்கள்

பழைய ஹவாயில் பெண்கள் ஆண்களுக்கு இணையாக அலையேறினர். தொழில்முறைக் காலத்தின் இதழ்களில் அந்தச் சமநிலை இல்லை. உலக வாகையர் பட்டம் வென்ற பெண்களுக்கும் அட்டைப்படத்தில் இடம் கிடைப்பது அரிதாக இருந்தது. 1994 முதல் 1997 வரை தொடர்ந்து நான்கு முறை பட்டம் வென்ற லிசா ஆண்டர்சன், 1990-களின் நடுவில் 'சர்ஃபர்' அட்டையில் வந்தார். ஆண் வாசகர்களைச் சீண்டும் வாசகம் ஒன்று உடன் அச்சிடப்பட்டிருந்தது. ஒரு பெண்ணின் அலைச்சறுக்குத் திறனை முன்னிறுத்திய அட்டை என்பதால் அது இன்றும் நினைவுகூரப்படுகிறது.

2013-இல் பிரான்சின் பியாரிட்ஸ் நகரில் நடந்த ராக்ஸி புரோ போட்டிக்கான விளம்பரக் காணொளி எதிர்மாறான எடுத்துக்காட்டு. ஒரு பெண் படுக்கையிலிருந்து எழுந்து கடலுக்குச் செல்லும் வரை அது காட்டியது. அவர் அலையேறும் காட்சி ஒன்றுகூட அதில் இல்லை. முகமும் காட்டப்படவில்லை. அவர் அப்போதே ஐந்து முறை உலக வாகையராக இருந்த ஸ்டெபனி கில்மோர் என்பது பின்னர் தெரியவந்தது. உடலைக் காட்டி முகத்தையும் திறனையும் மறைத்ததாக வீராங்கனைகளும் ரசிகர்களும் கடுமையாக விமர்சித்தனர். செவர்சனின் படத்திலும் கிரெக் நோலின் முகம் இல்லை. ஆனால் அங்கே அவர் செய்யப்போகும் செயல் படத்தை நிறைத்திருந்தது. இரண்டையும் ஒப்பிட்டால், முகமின்மை எப்போது மனிதரை உயர்த்துகிறது, எப்போது அழிக்கிறது என்பது புரியும்.

2019 முதல் உலக அலைச்சறுக்குக் கூட்டமைப்பு தன் போட்டிகளில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சமமான பரிசுத்தொகை வழங்குகிறது. கில்மோர் 2022-இல் எட்டாம் முறையாக உலகப் பட்டம் வென்றார்.

தகரத் தகட்டுக்குத் திரும்புதல்

எண்ணிம கேமராவில் நொடிக்குப் பல படங்கள் எடுக்கும் வசதி வந்த பின், ஒரு கலைஞர் நேர் எதிர்த்திசையில் சென்றார். அமெரிக்காவின் ஜோனி ஸ்டெர்ன்பாக் 2006-இல் நியூயார்க் மாநிலத்தின் மான்டாக் கடற்கரையில் அலைச்சறுக்கு வீரர்களை ஈரத்தகட்டு முறையில் படமெடுக்கத் தொடங்கினார். ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851-இல் வெளியிட்ட கொலோடியன் முறையின் வழிவந்தது அது. உலோகத் தகட்டில் கரைசலை ஊற்றி, வெள்ளி உப்பில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். இதற்காக இருட்டறையையே கடற்கரைக்குக் கொண்டு செல்ல வேண்டியிருந்தது.

இம்முறையில் வீரர் சில நொடிகள் அசையாமல் நிற்க வேண்டும். வேகமே வாழ்க்கையாகக் கொண்டவர்களை அது நிறுத்தி வைக்கிறது. கொலோடியன் நீல ஒளிக்கு மட்டும் கூருணர்வு உடையது என்பதால் வெயிலில் காய்ந்த தோல் மேலும் கருத்து, ஒவ்வொரு புள்ளியும் சுருக்கமும் எடுப்பாகத் தெரியும். கண்ணாடியில் பார்ப்பது போல் இடம் வலமாக மாறும். பலகையின்மேல் எழுத்து இருந்தால் தலைகீழ் வரிசையில் வாசிக்கப்படும். நெகட்டிவ் இல்லாததால் ஒரு தகடு ஒரே ஒரு படம்தான். புகழ்பெற்ற தொழில்முறை வீரர்களும் உள்ளூரில் மட்டும் அறியப்பட்டவர்களும் அவர் தொகுப்பில் ஒரே அமைதியுடன் நிற்கின்றனர். 2016-இல் லண்டன் தேசிய உருவப்படக் காட்சியகத்தின் டெய்லர் வெஸ்ஸிங் பரிசில் ஸ்டெர்ன்பாக்கின் படம் இரண்டாம் இடம் பெற்றது. அலைச்சறுக்கு இதழ்களுக்கு வெளியேயும் இந்தக் கலை உருவப்படமாக ஏற்கப்பட்டதன் அடையாளம் அது.

டியாஹூபோ, 2024

இதழ்களின் காலம் இதற்கிடையே தளர்ந்தது. 'சர்ஃபிங்' 2017-இல் நின்றது. 'சர்ஃபர்' இதழின் பணியாளர்கள் 2020-இல் விடுவிக்கப்பட்டனர். வீரர்கள் தம் படங்களைத் தாமே சமூக ஊடகங்களில் வெளியிடுகின்றனர். போட்டி ஜெர்சிகளிலும் 2010-களின் நடுவிலிருந்து வீரர்களின் பெயரும் எண்ணும் இடம்பெறத் தொடங்கின.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் அலைச்சறுக்குப் போட்டி, பிரெஞ்சு பாலினேசியாவின் டஹிட்டித் தீவில் டியாஹூபோ என்னுமிடத்தில் நடந்தது. ஜூலை 29 அன்று பிரேசிலின் கேப்ரியல் மெதினா ஓர் அலைக்குழாயின் உள்ளிருந்து வெளிவந்து 9.90 மதிப்பெண் பெற்றார். அலையின் முதுகைத் தாண்டி அவர் மேலெழும்பிய கணத்தை, டஹிட்டியில் வாழும் ஏஎஃப்பி ஒளிப்படக் கலைஞர் ஜெரோம் புரூயே படகிலிருந்து பதிவு செய்தார். படத்தில் மெதினா நீருக்கு மேலே காற்றில் நேராக நிற்பது போல் இருக்கிறார். வலக்கை விரல் வானைச் சுட்டுகிறது. காலில் கயிற்றால் பிணைந்த பலகையும் அவருக்கு இணையாகச் செங்குத்தாக நிற்கிறது. அந்த நொடியில் தாம் எடுத்தவை நான்கே படங்கள் என்று புரூயே பின்னர் கூறினார்.

இப்படம் சில மணி நேரத்தில் உலகெங்கும் பரவியதற்கு அதன் வியப்பு மட்டும் காரணமாகாது. மனிதர் நேராக நிற்கிறார், அருகில் பலகை நேராக நிற்கிறது, பின்னால் வானும் கடலும் உள்ளன. வைக்கிக்கியில் டியூக் நின்று காட்டிய பழைய உருவப்பட அமைப்பு இதுதான். கரையில் நிறுத்திவைத்து மட்டுமே எடுக்கக்கூடியது என்று கருதப்பட்ட அந்த நிலை, போட்டியின் நடுவே, யாரும் நிறுத்தாமலே அமைந்தது.

இவ்வகையில், 1898-க்கும் 2024-க்கும் இடையே மாறியது என்ன என்று கேட்டால், லென்சையும் வேகத்தையும் விடப் பெரிய விடை ஒன்று உண்டு. மெதினாவின் படத்தைப் பார்த்த கோடிக்கணக்கானோருக்கு அவர் யார் என்பது படத்துடனேயே தெரிந்திருந்தது. கௌஹாவின் பெயரோ படத்தைப் பின்தொடர்ந்து மெல்லத்தான் வந்து சேர்ந்தது. பழைய படங்களில் இன்னும் பெயரின்றி நிற்கும் ஹவாய் மனிதர்களை அடையாளம் காண்பதும், இனி எடுக்கப்படும் ஒவ்வொரு படத்திலும் பெயரைச் சரியாக எழுதி வைப்பதும், அலையைத் துல்லியமாகப் பிடிப்பதற்குச் சற்றும் குறையாத வேலைகள்.